தையலுக்கு விட்ட இடம்

எங்கள் புது வீட்டின் வரைபடம் வந்ததும் அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "வாசல் பிரமாதம்" என்றார். இருபது வருடமாக வேன் ஓட்டுகிறவர். எந்த ஊருக்கும் வழி கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடுவார். காகிதத்தில் வரைந்த வீட்டுக்குள்தான் அவருக்கு வழி தெரியவில்லை.

"அண்ணே, அது வாசல் இல்ல, கக்கூஸ்" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

அப்பாவுக்குப் புரிந்த ஒரே அறை, அவரே கேட்டு வாங்கிய அறை. வீட்டின் நடுவில், படிக்கட்டை ஒட்டி, எட்டுக்கு எட்டு. அம்மாவின் தையல் அறை. ஏசி, இரண்டு டியூப்லைட், பூட்டிக்கொள்ளக் கதவு.

"ராணி மாதிரி உக்காந்து தைக்கலாம்" என்றார். அம்மா சிரித்தாள். "இவ்வளவு எதுக்குங்க" என்றாள். எல்லாரும் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காஜா போடுகிறேன். அம்மா ஒரு நாளில் மூன்று முறை மெஷினை நகர்த்துவாள். காலையில் சமையலறை வாசல், மதியம் பின்படி, நாலு மணிக்கு மேல் முன் ஜன்னல். வெளிச்சம் போகிற வழியில் மெஷினும் போகும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினால் டியூப்லைட்டில் கண் பூத்துவிடும் என்பாள். ஆனால் தனக்கு ஒரு ஜன்னல் வேண்டும் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வீட்டிலேயே நான் அதிகம் பேச மாட்டேன்; வெளியாள் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்குக் கோடு போடுவதாக இருந்தது. அப்புறம் சுவர் சுவர்தான்.

ஞாயிறு காலை அப்பா அம்மாவிடம் சொன்னார்: "நீ சட்டைக்கு வெட்டற மாதிரி பேப்பர்ல வெட்டிக் குடு. தரையில பரப்பிப் பாத்தா எனக்கு வெளங்கிடும்."

அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. நான் தரையில் சாக்பீஸால் மனையை வரைந்தேன். வடக்கு ஓரத்தில் நிற்கும் பாதாம் மரத்துக்கு ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். மரத்தில் கை வைக்கக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. அம்மா செய்தித்தாளில் ஒவ்வோர் அறையாக வெட்டிப் போட்டாள்.

வீடு மனைக்குள் அடங்கவில்லை. சமையலறை டம்ளரில் இடித்தது. படுக்கையறை கோட்டைத் தாண்டி மூன்று அங்குலம், அதாவது மூன்றடி, வெளியே போனது.

"அண்ணே, தலைய நம்ம வீட்லயும் காலைப் பக்கத்து வீட்லயும் வச்சுத் தூங்குங்க" என்றாள் அத்தை.

அப்பா முகம் சிவந்து, படம் போட்ட என்ஜினியருக்கு போன் போட்டார். அரை மணியில் அந்த அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தரையில் உட்கார்ந்து, அம்மா கழுத்தில் தொங்கிய டேப்பை வாங்கி அளந்தாள்.

"அக்கா, என் படத்துல ஹால் பன்னிரண்டடி. உங்க பேப்பர்ல பதிமூணு இருக்கே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, தையலுக்கு விட்டுட்டேன்."

"என்னது?"

"நாலு ஓரமும் அரை இஞ்சு. கை தானா விட்டுருச்சு."

அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பின்னால பிரிச்சுப் பெருசாக்கிக்கலாம்னு பாத்தீங்களா, அண்ணி?"

அப்பா என்ஜினியர் முகத்தைப் பார்க்காமல், "டீ சாப்பிடறீங்களா" என்றார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

நான் ஓரங்களை மடிக்க ஆரம்பித்தேன். ஹால் உட்கார்ந்தது. படுக்கையறை உள்ளே வந்தது. சமையலறை மரத்தை விட்டு விலகியது. கடைசியாகத் தையல் அறையை எடுத்தேன். மடிக்க ஓரம் இல்லை. இரண்டு முறை அளந்தேன். எட்டுக்கு எட்டு, ஒரு நூல் கூடவில்லை.

காலரோ பாக்கெட்டோ, சேர்த்துத் தைக்கப்போகிற துண்டுக்கு அம்மா ஓரம் விடாமல் இருக்க மாட்டாள். ஓரம் இல்லாததை எதோடும் சேர்க்க முடியாது. அது வெட்டுத் துணி, குப்பைக்குப் போவது.

விடிந்தால் திங்கட்கிழமை.

"இதுக்கு மட்டும் ஓரம் விடல" என்றேன்.

"யாரு, இவளா பேசினா?" என்றாள் அத்தை.

"அம்மாவுக்கு இந்த ரூம் வேணாம்ப்பா."

"சும்மா இருடி" என்றாள் அம்மா.

நான் யாரையும் பார்க்கவில்லை. கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சமையலறை வாசல், பின்படி, முன் ஜன்னல், கறுப்பு நூல், எல்லாம்.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "நெசமாவா?"

"நீங்க ஆசையா சொன்னீங்க. எப்படி வேணாங்கறது?"

"வண்டியில முன்னாடி பின்னாடி எல்லாம் கண்ணாடி பாத்து ஓட்டறேன். வீட்ல ஒரு மெஷின் மூணு இடம் போறது தெரியலையே எனக்கு."

என்ஜினியர் அக்கா பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். "தப்பு எம்மேலயும்தான். இந்தத் தெருவுல பழைய வீடெல்லாம் பாருங்க, வடக்குப் பக்கம் ஓட்டுக்கூரை நீளமா எறங்கியிருக்கும். கூடை பின்றவங்க, செருப்பு தைக்கறவங்க எல்லாம் அதுக்கடியிலதான் வேலை பாத்தாங்க. நாள் பூரா ஒரே வெளிச்சம், கண்ணு கூசாது. தெனம் அதைத் தாண்டித்தான் போறேன், ஆனா வீட்டு நடுவுல ஒரு பெட்டியப் போட்டு வச்சிருக்கேன்."

சமையலறைக்கும் மரத்துக்கும் நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தாள். "சமையலறையக் கொஞ்சம் உள்ள தள்ளினா இங்க அஞ்சடி அகலம், பதினாறடி நீளம். மேல ஓடு, மழைக்கு மடக்குக் கதவு. நடுவுல அந்த ரூம் இருந்த எடத்த வானத்துக்குத் தெறந்து விட்டா ஹாலுக்குக் காத்து வரும். நாளைக்குக் கோடு போட வேணாம். ரெண்டு நாள் குடுங்க."

அப்பா யோசித்தார். "பூட்ட முடியாதே."

"என்னை எதுக்குங்க பூட்டணும்?" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். அம்மா புதுத் தாள் ஒன்றை எடுத்து விரித்து, கத்தரியை ஓட்டினாள். ஐந்துக்குப் பதினாறு. நாலு பக்கமும் அரை அங்குலம் விட்டே வெட்டினாள்.

"அண்ணி, மறுபடியும்" என்று தொடங்கினாள் அத்தை.

"விடு, மடிச்சுக்கலாம்" என்றார் அப்பா.

நான் ஓரத்தை மடித்து, அந்தத் துண்டை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.