தேயிலைக்குள் எவ்வளவு தண்ணீர்

19.07.1998, ஞாயிறு. நேற்று இந்தக் கொப்பியில் 'கருவி சரியில்லை' என்று எழுதிவிட்டேன். ஒரே ஒரு முறை அளந்துவிட்டு அப்படி எழுதியது என் பிழை.

மல்லிகா பேனாவை மூடினாள். கஹவத்தை மாலை வகுப்பில் அவளையும் ஸாஹிராவையும் தவிர இன்னும் யாரும் வரவில்லை. மேசையில் அவள் செய்த கருவி: ஒரு பால்மா டின், அதற்குள் தொடாமல் நிற்கும் சின்ன டின். இடைவெளியில் தேயிலைத் தூளைப் போட்டு மின்சாரத்தைத் துடிக்கவிட்டால், பக்கத்து ரேடியோவில் ஒரு விசில் கேட்கும். ஈரம் கூடக்கூட விசில் இடம் மாறும். குமிழைத் திருப்பி அதைப் பிடித்தால், சுற்றியுள்ள குறிகளில் ஈரம் எத்தனை வீதம் என்று பார்த்துவிடலாம். தொழிற்சாலை அடுப்பில் காயவைத்து நிறுத்துப் பார்க்க அரைநாள் போகும். இதற்கு இரண்டு நிமிடம்.

நேற்று தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் முன்னால், அடுப்பு மூன்று வீதம் என்று சொன்ன தூளை இது ஏழு என்றது. "ஹரி யன்னே நே, நங்கி," சரிவராது தங்கச்சி என்று அவர் சிங்களத்தில் மெதுவாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை இன்னொரு தரம் பார்க்கலாம் என்றார். சரிவந்தால் அவளுக்குச் சோதனை அறை வேலை தரும்படி தோட்டத் துரையிடம் பேசுவார். இல்லாவிட்டால் ஐந்து வருஷமாகப் போகிற மலைதான், கொழுந்து பறிப்பதுதான்.

போத்தலில் இறுக மூடிக் கொண்டுவந்திருந்த அதே தூளைப் போட்டாள். ஏழு. கம்பியைச் சுரண்டினாள், டின்னைத் துடைத்தாள். மறுபடி ஏழு. பஜாரில் பலசரக்குக் கடைக்காரரின் மகளான ஸாஹிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மல்லிகா, கூடைக்குள்ள கொழுந்து அமுக்குற மாதிரி அமுக்குறீங்க. எங்கட கடையில இப்பிடி அமுக்கினா வாப்பாக்கு யாபாரம் செய்ய ஏலா."

மல்லிகா குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் இன்னும் தூளின்மேல் இருந்தது. இன்னும் ஒரு பிடிக்கு இடம் பண்ணிப் பண்ணிப் பழகிய கை, கேட்காமலே அமுக்கிவிடுகிறது. இடைவெளியில் தூள் கூடினால் கருவி அதையும் ஈரக் கணக்கில்தான் சேர்க்கும். குறிகளை இட்ட அன்று தூளை அமுக்காமல் கொட்டியவள் ஸாஹிரா.

"ரெண்டு நாளா என் கையத்தான் அளந்துக்கிட்டு இருந்திருக்கேன்," என்றாள்.

காகிதத்தைப் புனலாகச் சுருட்டி, ஒரே உயரத்திலிருந்து தூளை விழவிட்டாள். மூன்றரை. மூன்று. மூன்று. போதாது என்று தோன்றியது. இன்னும் ஏழு தரம் அளந்துவிட்டுத்தான் கொப்பியைத் திறந்தாள்.

நாளை: ஆறரைக்குத் தொழிற்சாலை. புனல் இரண்டு கொண்டுபோக வேண்டும். தூளை டீமேக்கரையே கொட்டச் சொல்ல வேண்டும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.