எட்டாம் மாதத்து நடை

பவுலினுக்கு அது இரண்டாவது பேறு. முதலாவதை ஏழாம் மாதத்தில் இழந்திருந்தாள். பெரிய வெள்ளிக்கிழமையன்று சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளிலும் முட்டிபோட்டு எழுந்து நடந்து வந்தவள் அவள். மறுவாரம் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோயிற்று. ஞானஸ்நானம் பெறாத சிசு என்பதால் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் பெயரில்லாமல் புதைத்தார்கள். "வேணாம்னு தலையில அடிச்சிக்கினேன், கேட்டாளா? நடந்தே அழிச்சிட்டா" என்று மாமியார் ஜோசஃபின் யாரிடமோ சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து பவுலினும் அதையே நம்பினாள்.

ஆகவே 1937-இல் மறுபடி வயிறு தெரியத் தொடங்கியதும், ஜீவனஹள்ளி வீட்டில் அவளைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. அவளுக்கும் இறங்கத் துணிவில்லை. ஆறாம் மாதம் முடிவதற்குள் கால்கள் கனத்து, முதுகு பிடித்துக்கொண்டு, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த கணவன் ஓஸ்வால்ட் பயந்துபோய், ஃப்ரேசர் டவுனிலிருந்த லேடி டாக்டர் அனந்தலக்ஷ்மியிடம் அவளை அழைத்துப் போனான்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு ஒரு வியாதியும் இல்லை. எதுக்கு இப்படிப் படுத்துண்டே கிடக்கே? கார்த்தாலே அரை மணி, சாயங்காலம் அரை மணி நட. வீட்டுக் காரியம் பாரு. பாரம் மட்டும் தூக்காதே."

"நடந்தா..." என்று தொடங்கிய பவுலின் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஓஸ்வால்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் காக்ஸ் டவுன் சாலை மரங்கள் வரை போய்த் திரும்பினான். ஜோசஃபின் தடுக்கவில்லை. ஜெபமாலையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் முதுகுவலி விட்டது. ஆனால் பவுலின் நிம்மதி போயிற்று. அவள் நடக்கும்போதெல்லாம் குழந்தை அடங்கிவிடும். படுத்திருந்தால் உதைக்கிற குழந்தை, தெருவில் இறங்கினால் கல்லாகிவிடும். முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே நடப்பாள். வீடு திரும்பியதும் இடதுபக்கமாகப் படுத்துக் காத்திருப்பாள். கால் மணியோ அரை மணியோ கழித்து உள்ளே ஒரு புரளல் வரும். அதுவரை எழ மாட்டாள்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டாள். "நீ நடக்கறச்சே அதுக்குத் தூளி ஆட்டற மாதிரி. தூங்கிடறது" என்று அவர் சிரித்தார். அவர் எதிரில் இருக்கும்வரை அது உண்மையாகத்தான் பட்டது.

எட்டாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை நடந்து வந்து படுத்தாள். அரை மணி போயிற்று. புரளல் இல்லை. குழந்தை அசையட்டும் என்று எழுந்து சில்லென்று தண்ணீர் குடித்தாள். வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி படுத்தாள். ஓஸ்வால்ட் ஆபீசுக்குக் கிளம்பும்போது என்னவென்று கேட்டான். "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினாள். ஒன்பது மணி ஆயிற்று. வயிற்றை விரலால் குத்திப் பார்த்தாள். பத்தும் ஆயிற்று.

"ஏன் சுவத்தையே பாத்துக்கினு கிடக்கற?" என்று ஜோசஃபின் வந்து நின்றாள்.

பவுலினால் மறைக்க முடியவில்லை. "காலையிலேருந்து அசையல, அத்தே."

திட்டு விழும் என்று கண்ணை மூடினாள். திட்டு வரவில்லை. மாவு ஒட்டிய கை ஒன்று வயிற்றின்மேல் வந்து வெகுநேரம் அழுந்தியது. "எழுந்திரு. போலாம்" என்றாள் ஜோசஃபின்.

ஜட்கா ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட இல்லை. யாரோ பெரிய துரை வருகிறார் என்று எல்லாம் ஸ்டேஷன் பக்கம் ஓடியிருந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நடந்தே கிளம்பியும், ரயில்வே கேட்டுக்கு முன்னால் பவுலின் நின்றுவிட்டாள்.

"நான் நடக்க மாட்டேன் அத்தே. ஒவ்வொரு எட்டுக்கும் அது... போன தடவ மாதிரியே..."

"நின்னுக்கினா யாரு வந்து பாப்பாங்க? என் தோளப் புடி. நட."

நடக்காதே என்று ஆறாம் மாதம் வரை சொன்ன வாய் அது. பவுலின் தோளைப் பிடித்தாள். ஃப்ரேசர் டவுன் போய்ச் சேரும்வரை ஜோசஃபின் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். சன்னலுக்கு வெளியே யாரோ கன்னடத்தில் காய்கறி கூவிக்கொண்டு போக, கையை உயர்த்தி, கதவைச் சாத்தச் சொன்னார். விலாவுக்குக் கீழே ஓரிடத்தில் குழல் நின்றது. டாக்டர் அசையாமல் இருந்தார். பிறகு நிமிர்ந்து, "மாமியாரா? வாங்கோ. நீங்களே கேளுங்கோ" என்றார்.

ஜோசஃபின் முக்காட்டை விலக்கிக் காதை வைத்தாள். "குதிர ஓடற மாதிரி கேக்குதே!"

"அதான் இதயம். நன்னா அடிச்சுக்கறது. திரும்பிப் படுத்துண்டு உள்பக்கமா உதைக்கறது, அவளுக்குத் தெரியலை. ஆனா இனிமே அசைவு குறைஞ்சா மத்தியானம் வரை காத்துண்டு இருக்காதே. உடனே வா."

ஜோசஃபின் குழலை விடாமல் கேட்டாள்: "முன்னாடி ஒண்ணு போச்சுங்க டாக்டரம்மா. சிலுவப் பாத நடந்ததாலதானே?"

"யார் சொன்னா? அது எதனாலேயும் இருக்கலாம். ரெண்டு தெரு நடந்ததாலே போகலை."

ஜோசஃபின் தலை குனிந்தாள். "நான்தாங்க சொன்னேன்" என்றாள். மருமகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பி வரும்போது வண்டி கிடைத்தது. வழி முழுவதும் ஜோசஃபின் மருமகளின் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பவுலின் காலையில் ஓஸ்வால்டோடும், மாலையில் மாமியாரோடும் நடந்தாள். பயம் போகவில்லை. வீடு திரும்பியதும் இப்போது இரண்டு பேர் காத்திருந்தார்கள், ஒருத்தி படுத்தபடி, ஒருத்தி கட்டில் காலைப் பிடித்தபடி. உதை விழுந்ததும் ஜோசஃபின் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போவாள்.

ஐந்து வாரம் கழித்து, பதினாறு மணி நேரம் வலித்து, பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததிலிருந்து ஓயாத அழுகை. பக்கத்து வீட்டுக்காரி வந்து வசம்பு கொடு, ஓமத் தண்ணீர் கொடு என்றாள். ஓஸ்வால்ட் தூக்கி ஆட்டப் போனான்.

"கொஞ்ச நேரம் விடுங்க. அழட்டும், நான் கேக்கணும்" என்றாள் பவுலின்.