அவர் கொடுத்த சம்மதம்

"உனக்குத்தான் காய்ச்சலே இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு மருந்து?"

முந்தின நாள் மகள் அவளிடம் கேட்டாள். கணவனின் அண்ணன்தான் பதில் சொன்னார்.

"புது மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க. உங்கம்மா உடம்புல விட்டுப் பாக்கப் போறாங்க. வீட்டுல சும்மாதானே கெடக்கா?"

கணவன் இறந்தபின் அவளும் குழந்தையும் ஒண்டியிருந்தது அவர் வீட்டில்தான். மருந்துச் சோதனை நடக்கும் ஆஸ்பத்திரியில் அவர் காவலாளி. ஆள் சேர்த்துக் கொடுத்தால் பெரிய டாக்டரின் தயவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். தன் மனைவியைச் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. கேட்பாரற்ற உடம்புதான் கண்ணில் பட்டது.

இப்போது ஆஸ்பத்திரியின் சின்ன அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவர். செவிலி எதையும் மறைக்காமல் சொன்னாள். மருந்து பலருக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. சிலருக்கு ஈரல் வீங்கியிருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தை யார் கையில்?

"சம்மதமா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டாள் செவிலி.

"சம்மதம்தான்," என்று முந்திக்கொண்டார் அவர். " எங்க வீட்டுல நான் சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரி."

"அப்ப ஊசியையும் உங்களுக்கே போட்டுரலாமாண்ணே?"

அவர் அசடு வழிந்தார்.

"பரிசோதனை பண்ணணும். வெளிய இருங்க."

கதவைச் சாத்திவிட்டுச் செவிலி நாற்காலியை அருகில் இழுத்தாள். "நீ வேணாம்னு சொல்லலாம்மா."

"சொன்னா இன்னைக்கே வெளிய தள்ளிருவாருக்கா. குழந்தையத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

"நீ சொல்றது இந்த அறையைத் தாண்டாது. யாரை எடுக்கலைன்னாலும் வெளிய 'பொருந்தல'ன்னுதான் சொல்லுவோம். ஏன்னு கேக்குற உரிமை கடவுளுக்கு மட்டும்தான்."

கதவிடுக்கில் அவர் செருப்பின் நிழல் தெரிந்தது. அவள் உதடு மட்டும் அசைந்தது. "வேணாம்க்கா."

வெளியே வந்து செவிலி 'பொருந்தல' என்றதும் அவர் பல்லைக் கடித்தார். "உன் ரத்தங்கூட ஒண்ணுக்கும் உதவாது! இங்கேயே நில்லு, வண்டி எடுத்துட்டு வரேன்."

அவள் சுவரோரம் நின்றாள். எதிர்ப் பெஞ்சில் ஓர் இளம்பெண். அவள் மணிக்கட்டு மாமியாரின் பிடியில்.

"கேட்டா சரின்னு சொல்லு. முழிக்காத."

"நான் மட்டும் உள்ள போறேனே அத்தை..."

"பொம்பளைக்குப் பொம்பளை என்ன வெக்கம்? நானும் வருவேன்."

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

இவள் இரண்டடி எடுத்து வைத்து அந்த மாமியாரின் தோளில் சாய்ந்தாள். "அம்மா... கண்ணை இருட்டுது." பாதி நடிப்பு, பாதி நிஜம்.

"அடக் கடவுளே! யாரு பெத்த பொண்ணோ, இப்படி வேர்த்துக் கெடக்கே!"

மருமகளின் மணிக்கட்டை விட்டுவிட்டு அந்த அம்மாள் இவளைத் தாங்கி உட்கார வைத்தாள், முந்தானையால் விசிறினாள். அந்தப் பெண் தனியாக உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வாசலில் வண்டி ஹாரன் அலறியது. ஒருமுறை, மறுபடியும்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. அந்த அம்மாளின் கையையும் விடவில்லை.