இரண்டு தை ஒன்று

என் கணவர் சேனாபதி மாடுகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். பச்சை அட்டை போட்டது. தாயின் எண், கன்றின் எண், கிடாரியா காளையா, பிறந்த தேதி, அவ்வளவுதான் அதில் இருக்கும். தேதிகளை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டு எழுதியிருப்பார். இரண்டு வரிகள் மட்டும் வேறு மாதிரி. 17ஆம் எண் கன்றுக்கு நேரே தமிழில் 'தை 1' என்று இருந்தது. அடுத்த வரி 18. அதற்கு நேரேயும் 'தை 1'.

அவை ஒரே நாளில் பிறக்கவில்லை. ஒன்று 2021 ஜனவரி பதின்மூன்றாம் தேதி இரவு ஏழரை மணிக்கு விழுந்தது. மற்றொன்று மறுநாள், ஏறக்குறைய அதே நேரத்துக்கு. இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்ற எதுவும் அவ்வளவு நன்றாக நினைவில் இல்லை.

போன அக்டோபரில் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர் வேட் சனிக்கிழமை வந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. எல்லாவற்றையும் கொடுக்கலாம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று 17ஆ 18ஆ என்று தெரியவில்லை.

எங்களுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம். தைப்பொங்கலன்று விழும் கன்று சாமிக்கு என்பது அங்கே வழக்கம். மாலசாமி, அதாவது திருமால் கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதை விற்கக் கூடாது, வேலை வாங்கக் கூடாது. அதன் பிறகு அது அந்த வீட்டு மாடு இல்லை.

சேனாபதிக்கு இருபது வருடம் டேட்டாபேஸ் வேலை. வீடு டெக்சஸில், காப்பெல் என்ற ஊரில். அங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் வரும் இடத்தில் நூற்றிருபது ஏக்கரில் ஒரு ராஞ்சும் கொஞ்சம் கறுப்பு மாடுகளும் வாங்கினார். மகள் வான்மதி அப்போது ஏழாம் வகுப்பு. வீக்எண்டில் நண்பர்கள் படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். முதல் தடவை வந்த ஷ்யாமளா, "வசந்தாமணி, தினம் எத்தனை கேலன் கறக்குது? எனக்கு நெய்க்கு வெண்ணெய் குடேன்" என்றாள். அவளிடம் என்ன சொல்வது? இவை கறவை மாடுகள் இல்லை. கன்று போடும், கன்றுகள் ஏழெட்டு மாதம் தாயோடு புல் மேயும், பிறகு ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று ஷ்யாமளாவுக்கும் தெரியும். அதனால்தான் நெய்யைப் பற்றிக் கேட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் ஆட்டுக்கறி, கோழி சாப்பிடுகிறவர்கள்தான். மாட்டுக்கறி வீட்டுக்குள் வந்ததில்லை. ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டேன்.

"வளக்கறோம், விக்கறோம். அதுக்கு மேல என்னைக் கேக்காத வசந்தா."

"உங்களக் கேக்காம வேற யாரைக் கேக்கறதுங்க?"

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் ஏலத்துக்குக் கன்று ஏற்றும் நாட்களில் காலையிலிருந்து சாப்பிட மாட்டார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். வருடத்தில் இரண்டு மூன்று நாட்கள் சரியாக ஏலத்தன்று கெட்டுப்போகும் வயிறு. அது பாவத்துக்குப் பயந்தா, பழக்கமா, உண்மையிலேயே வயிறுதானா என்று நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அந்த 2021 பொங்கல் சமயத்தில் கொரோனாவால் எல்லாருக்கும் வீட்டிலிருந்தே வேலை, வகுப்பு. அதனால் ராஞ்சிலேயே இருந்தோம். நான் அடுப்பறையில் வெல்லம் தட்டிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை ஈரத்தோடு அவர் வந்து கதவுக்கு வெளியே நின்றார்.

"சாமி கன்னு விழுந்திருக்குது."

நான் "ம்" என்றேன். கால் பூட்ஸைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான் பேச்சு. எது, என்ன, எப்போது நேர்ந்துகொண்டீர்கள் என்று கேட்கவில்லை. வெல்லம் தட்டிக்கொண்டிருந்தேன் என்றால் அது பொங்கலுக்கு முந்தின நாள், பதின்மூன்றாம் தேதியாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வருடம் மாட்டுப்பொங்கலுக்கும் சர்க்கரைப்பொங்கல் வைத்தேன். அதற்கு வெல்லம் தட்டியது பதினான்காம் தேதி இரவு. எந்த வெல்லம்?

பதின்மூன்றாம் தேதி இங்கே இரவு ஏழரை என்றால் உடுமலையில் பதினான்கு காலை ஏழு. அங்கே பொங்கல் விடிந்துவிட்டது, இங்கே விடியவில்லை. மறுநாள் இரவு இங்கே இன்னும் பொங்கல்தான், அங்கே மாட்டுப்பொங்கல் வந்துவிட்டது. ஊர்க் கணக்குப்படி 17 சாமி கன்று. டெக்சஸ் கணக்குப்படி 18.

வேறு அடையாளம் இருக்கிறதா என்று நினைவில் துழாவினேன். அடுத்த மாதம் அந்தப் பெரிய உறைபனி வந்தது. கரன்ட் போய், குழாய் வெடித்து, குளத்துப் பனியை அவர் கோடாரியால் உடைத்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார். அப்போது ஒரு கன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து துணி துவைக்கும் அறையில் என் பழைய கம்பளியைப் போர்த்திப் படுக்க வைத்தார். அது 17. வெளியே நின்ற 18க்குக் காது நுனிகள் உறைந்து உதிர்ந்துபோயின. இன்றும் அதற்குக் குட்டைக் காது. அதில் எண் எழுதிய மஞ்சள் வில்லையைத் தொங்கவிடவே அவருக்குச் சிரமமாக இருந்தது. "கம்மல் போடக் காதில்லாத புள்ள" என்று கேலி செய்வார். அப்படியானால் 17தான் சாமி கன்று என்று முடிவு கட்டலாம். ஆனால் அன்று எது நடுங்கியதோ அதைத் தூக்கி வந்தார் என்றும் சொல்லலாம்.

18 வளர்ந்து போட்ட முதல் கன்று செத்தே விழுந்தது. அதற்குப் பிறகு சினை பிடிக்கவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் மாட்டு டாக்டர் வந்து சினை பார்ப்பார். வெறும் வயிறு என்றால் அந்த மாட்டை ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டார் சேனாபதி. இரண்டு கோடை மழையில்லாமல் போனதில் புல் அவ்வளவு குறைவு. 18ஐ மட்டும் வைத்திருந்தார். அப்படியானால் சாமி மாடு 18தானே?

அந்த அக்டோபரிலும் டாக்டர் வந்தார். 17க்குச் சினை. 18 வெறும் வயிறு. சினை மாடுகளை வேட் தன் மந்தையில் சேர்த்துக்கொள்வார், நிலத்தையும் லீஸுக்கு எடுத்துக்கொள்வார். வெறும் வயிறு ஏலத்துக்குப் போகும். மலட்டு மாட்டை ஏலத்தில் யார் வாங்குவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ராஞ்ச் வீட்டை ஒட்டி எனக்கென்று விடப்போகும் வேலிக்குள் ஒரு மாட்டுக்குத்தான் புல் இருந்தது.

ஆஸ்டினில் படிக்கும் வான்மதிக்குப் போன் செய்தேன்.

"அம்மா, இட்ஸ் எ டைம் ஸோன் ப்ராப்ளம். யூ லிவ் இன் டெக்சஸ். கோ வித் சென்ட்ரல் டைம்."

"உங்கப்பா கையில கட்டியிருந்த வாட்ச்சு இந்தியா டைம்தான் காட்டும். ஆபீஸ் காலுக்காக இருபது வருஷமா மாத்தலையே."

"தென் ஐ டோன்ட் நோ, அம்மா," என்றாள். "பட் ஒன் கௌ. ஒன். யூ ப்ராமிஸ்டு."

அந்த வாட்ச் வேலியோரத்தில் அவர் விழுந்து கிடந்தபோதும் கையில் இருந்தது. ஜூன் மாத வெயில். வாட்ச்சில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. அவர் இறந்த திதியைக் கணிப்பதற்கும் இதே குழப்பம் வந்தது. அப்போது யாரோ முடிவு செய்தார்கள். நான் தலையாட்டினேன்.

பிறகு ஊரில் இருக்கும் அவர் தம்பி பசுபதியைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்பார்கள்.

"ஆமாங் நங்கை, நல்லா நெனப்பிருக்குது. பொங்கலன்னிக்குக் காலையில, பால் பொங்கறப்பத்தான் அண்ணன் போன் பண்ணுச்சு. 'டே பசுபதி, கன்னு விழுந்திருச்சு, கெடாரி, சாமிக்கு விட்டுட்டேன்'னு."

எனக்கு உடம்பே லேசானது. "அப்ப மொதக் கன்னு. பதினேழு."

"இருங் இருங். மக்யாநாளு காலையிலயும் போன் பண்ணுச்சுங்க. 'இங்க இப்பத்தான்டா பொங்கலு, இன்னொண்ணு விழுந்திருக்குது'ன்னு ஒரே சிரிப்பு. மாலசாமி அமெரிக்காவுக்கு வந்தா எந்த நாளைப் பாப்பாருன்னு கேட்டுச்சு. நான் என்னத்தைங் கண்டேன்?"

"உங்கண்ணன் எதுன்னு முடிவு பண்ணாங்க தம்பி?"

"பூசாரிகிட்டக் கேட்டுச் சொல்லுன்னுச்சுங்."

"பூசாரி என்ன சொன்னாரு?"

பசுபதி இருமினார். "கேக்கலைங் நங்கை. மறந்துபோச்சு. அண்ணனும் ரெண்டு மூணு தடவ கேட்டுச்சு. நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னே சொல்லிட்டிருந்தேன். போன சித்திரையிலகூடக் கேட்டுச்சுங்."

அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவர் அழுதுவிடுவாரோ என்றும் இருந்தது. "இப்பவாச்சும் போய்க் கேளுங்க தம்பி. சனிக்கிழமைக்குள்ள" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

"பூசாரியப் பாத்தனுங். வெவரம் பூரா சொன்னேன். போட்டோவும் காட்டினேன். அவுரு ஒரே கேள்விதானுங் கேக்கறாரு."

"என்ன?"

"திமில் எங்கேன்னு."

"திமிலா?"

"திமிலில்லாத சீமை மாடு சாமிக்கு ஆகாதுங்கறாரு. ரெண்டுமே சேத்தியில்லையாமுங். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காம வித்துருங் நங்கை."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு முதுகுகள். ஒன்றிலும் திமில் இல்லை. இத்தனை வருடமாக நான் அதைக் கவனித்ததுகூட இல்லை. இத்தனை நாள் குழப்பத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் கேட்டது எந்தக் கன்று என்று. திமில் உண்டா என்று நாங்கள் கேட்கவே இல்லையே.

சனிக்கிழமை முதல் குளிர்காற்று வந்த நாள். வேட்டும் அவர் மகனும் இரண்டு ட்ரெய்லர்களோடு வந்தார்கள். வேட்டுக்கு எழுபது வயதிருக்கும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சேனாபதியை 'சென்' என்று கூப்பிடுவார். தகனத்தன்று சுடுகாட்டு ஹாலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசி வரிசையில் நின்றவர்.

மாடுகள் ஒவ்வொன்றாக இரும்புச் சந்து வழியாக ஏறின. கதவுகள் மோதும் சத்தம், சாணி வாசம். 17 வந்தபோது வேட் என்னைப் பார்த்தார். எதை நிறுத்தி வைப்பது என்று அவருக்குச் சொல்வதாக இருந்தேன். நானும் 17ஐப் பார்த்தேன். அதன் பின்னால் குட்டைக் காதுகளோடு 18 நின்றது. துணி துவைக்கும் அறையில் படுத்தது இதே 17தான் என்பதில்கூட அந்த நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.

"இரண்டையும் விட்டுவிடுங்கள் வேட்," என்றேன் ஆங்கிலத்தில். இப்படிச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"மேம், இரண்டுக்கு இங்கே புல் பத்தாது. அந்த 18 உங்களுக்குக் கன்றும் தராது."

"தெரியும். ஊரில் ஒரு விஷயம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை."

வேட் கையிலிருந்த குச்சியைத் தாழ்த்தினார். தன் மகனைப் பார்த்தார், பிறகு என்னை.

"சென்னும் இதையேதான் சொன்னார். போன வருடமும், அதற்கு முந்தின வருடமும். 18ஐ அனுப்பிவிடு என்றேன். 17 நல்ல மாடு, எனக்குக் கொடு என்றும் கேட்டேன். இரண்டுக்கும் ஒரே பதில். 'ஊரிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை வேட், வரட்டும்' என்பார். ஏதோ அரசாங்கக் காகிதம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்."

"காகிதம் இல்லை."

"இல்லையா? பிறகு என்ன?"

சொல்லிப் பார்த்தேன். பொங்கல், விடியல், பதினொன்றரை மணி நேர வித்தியாசம், திமில். பாதியில் எனக்கே வழி தவறியது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "நவம்பரில் பத்துக் காய்ந்த புல் உருளை கொண்டுவந்து போடுகிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மகனுக்குக் கையசைத்தார். 17ஐயும் 18ஐயும் பக்கவாட்டுக் கதவு வழியாக வீட்டு வேலிக்குள் விரட்டினார்கள்.

மற்ற மாடுகளோடு ட்ரெய்லர்கள் மண் சாலையில் திரும்பி மறைந்தன. சினை பிடிக்காத வேறு மூன்றும் அவற்றில் இருந்தன. அவற்றின் எண்களும் எனக்குத் தெரியும். 9, 22, 31. அவற்றுக்கு நேரே நோட்டில் வெறும் அமெரிக்கத் தேதிகள்தான். அதனால் அவை போகலாம் என்று ஆகிவிட்டது. இது சரியா என்று நான் யாரிடம் கேட்பது? பசுபதியிடம் சொன்னால் நாளைக்குப் போய்க் கேட்கிறேன் என்பார்.

வேலிக்குள் விட்ட இரண்டும் சாலைப் பக்கம் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே இருந்தன. நான் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன்.

நாலு மணிக்கு வான்மதி கூப்பிட்டாள். "எல்லாம் போச்சா? ஹௌ மெனி டிட் யூ கீப்?"

"ரெண்டு."

"அம்மா!"

"பதில் வரட்டும்டி. வந்ததும் பாக்கலாம்."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. மாடுகள் கத்துவது அவளுக்கும் கேட்டிருக்கும். "டிட் யூ ஈட்?" என்றாள்.

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். காலையில் போட்ட காபி அப்படியே ஆறிக் கிடந்தது. இட்லியை மூடி வைத்த தட்டைத் திறக்கவே இல்லை.

"இல்ல. வயிறு சரியில்ல," என்றேன்.