கண்ணில் வைத்த சந்தனம்

பாலகுமார் ரோபோ விஞ்ஞானி ஆனது காட்டுமன்னார்கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அதற்கு முந்தைய நிமிடம் வரைக்கும் அவன் கடலூரில் ராஜாமணி அம்மாள் மெட்ரிகுலேஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியாராகத்தான் இருந்தான்.

பெண் பார்க்கப் போன இடம். பெண்ணின் அப்பா மணவாளன் ரைஸ் மில் வைத்திருப்பவர். "தம்பி என்ன பண்றாரு?" என்று கேட்டார். "வாத்தியாருங்க" என்று பாலகுமார் சொன்னதும் அவர் முகம், மூட்டைக்குள் கையை விட்டு ஈர நெல்லைத் தொட்டவர் முகம் போல ஆகிவிட்டது. கூட வந்திருந்த தாய்மாமன் தில்லைநாதன் அதைக் கவனித்துவிட்டார். அவர் கீரப்பாளையத்தில் உரக்கடை நடத்துபவர். தேங்கிப்போன சரக்கை எப்படித் தள்ளுவது என்று தெரிந்தவர்.

"வெறும் வாத்தியார் இல்ல மச்சான். ரோபோ செய்யறான். பசங்கள வெச்சி ஒரு டீமே நடத்தறான். அடுத்த மாசம் சிதம்பரத்துல போட்டி, காலேஜுல. ஒரு வகையில பாத்தா விஞ்ஞானிதான்."

அப்படி ஒரு போட்டிக்கு நோட்டீஸ் வந்து பள்ளி ஆபீசில் கிடக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது பேச்சுவாக்கில் பாலகுமார் சொல்லியிருந்தான். மிச்சமெல்லாம் மாமாவின் சொந்தச் சரக்கு.

மணவாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அந்தப் போட்டிய நாங்களும் வந்து பாக்கறோம். பாத்துட்டு முடிவு சொல்றோம்."

பெண் மகேஸ்வரி காபித் தட்டோடு வந்தாள். கணக்கில் பி.எஸ்ஸி. வந்தவள் பாலகுமாரை ஏறெடுத்தும் பார்க்காமல், பக்கத்திலிருந்த தில்லைநாதன் மாமாவைப் பார்த்து வெட்கப்பட்டுவிட்டு உள்ளே போனாள். அந்த அடக்கம் பாலகுமாருக்குப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவளைத்தான் என்று முடிவு கட்டினான். அது அவனுக்குப் பன்னிரண்டாவது இடம். முந்தைய பதினொரு இடத்திலும் "வாத்தியாரா?" என்ற கேள்வியோடு கேசரி முடிந்திருந்தது.

இது 2011 ஜனவரியில். பாலகுமாருக்கும் ரோபோவுக்கும் அதுவரை இருந்த உறவு, புதுச்சேரியில் நடந்த ஒருநாள் பயிற்சி வகுப்பு. காலையில் ரோபோ என்றால் என்ன என்று சொன்னார்கள். மத்தியானம் அதை எப்படிச் செய்வது என்று சொன்னார்களாம். நடுவில் பிரியாணி போட்டதால் அந்தப் பகுதி அவனுக்குத் தெரியாது. சான்றிதழில் இரண்டு பகுதியும் இருந்தது.

திங்கட்கிழமை கரஸ்பாண்டன்ட் தாண்டவராயனிடம் போய், போட்டிக்கு ஒரு டீம் அனுப்பினால் அட்மிஷனுக்கு நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். புதன்கிழமை பள்ளி வாசலில் பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸ் நின்றது. 'மாவட்டத்தின் முதல் ரோபோ பள்ளி'. பத்தடிக்குத் தாண்டவராயன் கைகூப்பிக்கொண்டிருந்தார். மிச்ச இடத்தில், இணையத்திலிருந்து எடுத்த ரோபோ படம் ஒன்று. அது ரோபோ இல்லை, வாட்டர் ஹீட்டர் என்று பாலகுமாருக்குப் பட்டது. சொல்லவில்லை. அதற்குக் கீழே 'வழிகாட்டி: ரோபோ விஞ்ஞானி பாலகுமார்' என்று இருந்தது. தில்லைநாதன் மாமாவின் சொல் கீரப்பாளையத்திலிருந்து கடலூருக்கு எந்த பஸ்ஸில் வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

டீம் கேப்டன் ஹரிஷ், கரஸ்பாண்டன்டின் தங்கை பேரன். அவன் வேலை ரோபோவைத் தூக்கிக்கொண்டு நடப்பது. டீமில் இன்னொருத்தி இளமதி, பதினொன்றாம் வகுப்பு, தேவனாம்பட்டினம். அவள் வேலை ரோபோவைச் செய்வது.

அவள் அப்பாவுக்குப் போட் இருந்தது. அதன் இன்ஜின் மாதத்தில் நாலு நாள் படுத்துக்கொள்ளும். அதைத் திறந்து மூடி வளர்ந்தவள் என்பதால், மெட்ராஸிலிருந்து வந்த ரோபோ சாமான் பெட்டியைப் பிரித்ததும் பாலகுமாரைப் போல அவளுக்கு வியர்க்கவில்லை. மூன்று வாரத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒன்று உருவாயிற்று. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒரு உருளை. வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக வேண்டும், அதுதான் போட்டி.

"அடியில முன்னாடி ரெண்டு சென்சார் இருக்குல்ல சார், அதான் கண்ணு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டும் வெள்ளையப் பாத்தா நேராப் போவும். ஒண்ணு கறுப்பப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பும்" என்று இளமதி விளக்கினாள்.

"கரெக்ட்" என்றான் பாலகுமார். அந்த மூன்று வாரத்தில் அவன் அதிகம் பயன்படுத்திய தொழில்நுட்பச் சொல் அது.

கறுப்பு டேப் ஒட்டிப் பழக ஒரு வெள்ளைத் தரை வேண்டியிருந்தது. ஃப்ளெக்ஸின் பின்பக்கம் வெள்ளை. பள்ளியில் இருந்த பழைய ஃப்ளெக்ஸ் எல்லாவற்றிலும் கரஸ்பாண்டன்ட் இருந்தார். அவர் முகத்தைத் தரையில் கவிழ்ப்பதா என்று யோசித்து, கடைசியில் பாலகுமார் தன் தெருவில் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து ஃப்ளெக்ஸைக் கேட்டு வாங்கி வந்தான். அந்த டீமுக்கு அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

தாண்டவராயன் ஒருநாள் லேபுக்கு வந்து பார்த்தார்.

"எங்க ரோபோ?"

"இதாங்க சார்."

"இதா? கை கால் எங்க? சினிமாவுல ஆள் ஒசரத்துக்கு வருது. வணக்கமாவது சொல்லுமா?"

மறுநாள் தெர்மோகோலில் இரண்டு கை வெட்டிக் கூப்பிய நிலையில் மேலே ஒட்டினார்கள். பாலகுமார் ஆசையாக வைத்திருந்த 'மின்னல்' என்ற பெயரும் போய், 'ராஜாமணி-1' ஆயிற்று. ராஜாமணி, கரஸ்பாண்டன்டின் அம்மா.

போட்டி நாளன்று பள்ளி வேன் சிதம்பரம் போய்ச் சேரும் முன்பே மணவாளன் வீட்டார் டவுன் பஸ்ஸில் வந்து, சாமி கும்பிட்டு, கல்லூரி அரங்கின் முதல் வரிசையைப் பிடித்திருந்தார்கள். ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று ஒன்பது பேர். புளிசாதம் கொண்டுவந்திருந்தார்கள். தில்லைநாதன் மாமா நடுவில் உட்கார்ந்து, ராக்கெட்டுக்கும் ரோபோவுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இது ஓடினால் கல்யாணம். ஓடாவிட்டால் பதின்மூன்றாவது கேசரி.

அரங்க வாசலில் தாண்டவராயன் ரோபோவுக்குப் பூசை போட்டார். புது வண்டிக்குச் செய்வது எதையும் விடவில்லை. எலுமிச்சம்பழம் எத்தனை என்று ஒரு சிக்கல் வந்தது.

"ஆட்டோ கணக்கு. மூணு வைங்க" என்று முடிவு செய்தார்.

பழம் சக்கரத்தைவிடப் பெரிது. ராஜாமணி-1 அதன் மேல் ஏறும் வாய்ப்பு இல்லாததால், அதன் சார்பில் வேன் டிரைவர் மிதித்தார். பிறகு சந்தனம்.

"இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"மூஞ்சி இல்ல தாத்தா, கண்ணு இருக்குது" என்று ஹரிஷ் ரோபோவைக் கவிழ்த்துக் காட்டினான். டீமில் சேர்ந்து அவன் கற்றுக்கொண்டது அந்த ஒன்றுதான்.

"எதுக்குக் கண்ணு இருக்கோ அதுக்குத் திருஷ்டி உண்டு" என்று தாண்டவராயன் இரண்டு சென்சாரிலும் பெருவிரலால் சந்தனத்தை அழுத்தி வைத்தார். மேலே ஆளுக்கொரு குங்குமப் பொட்டு.

இளமதி பாலகுமார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், எங்க போட்டுக்கும் பூசை போடுவோம். இன்ஜினுக்கு மாலையே போடுவோம். அதுக்குன்னு டீசல் டேங்குல சந்தனம் கரைக்க மாட்டோம். தொடைச்சிடவா?"

"சும்மா இரும்மா. கரஸ்பாண்டன்ட் வெச்சது."

அவர் வைத்ததை எடுப்பது பள்ளியில் வழக்கமில்லை. ஏழு வருஷத்துக்கு முன் நீச்சல் குளத்துக்கு அவர் வைத்த அடிக்கல் இன்னும் கபடி மைதானத்தின் நடுவில் இருக்கிறது. பையன்கள் அதைச் சுற்றித்தான் கபடி ஆடுவார்கள்.

ஒவ்வொரு டீமுக்கும் இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்பில் ஹரிஷ் ரோபோவைக் கோட்டில் வைத்து பட்டனைத் தட்டினான். ராஜாமணி-1 நேராகப் போயிற்று. கோடு வளைந்தது. ராஜாமணி-1 வளையவில்லை. சந்தனத்தின் வெளுப்பைத் தவிர அதற்கு உலகில் வேறெதுவும் தெரியவில்லை. கைகூப்பியபடி களத்தை விட்டு வெளியேறி, அரங்கைக் கடந்து, முதல் வரிசையில் மணவாளனின் செருப்பில் முட்டி நின்றது.

தாண்டவராயன் எழுந்து கைதட்டினார். "பாத்தீங்களா! பெரியவங்களத் தேடிப் போயி வணக்கம் வெக்குது!"

அரங்கமே கைதட்டியது. நடுவர் தாளில் சைபர் போட்டார்.

மணவாளன் குனிந்து அதை எடுத்தார். மில்காரர் பழக்கம், எந்த மெஷின் கையில் கிடைத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். பாலகுமாரும் இளமதியும் ஓடி வந்தார்கள். பின்னாலேயே தாண்டவராயன்.

"தம்பி, இதான் கண்ணா?"

"ஆமாங்க."

"கண்ணுல இன்னா இது?"

"சந்தனங்க."

"அது தெரியுது. ஏன் இருக்குது?"

பாலகுமார் பையில் கைக்குட்டையைத் தேடினான்.

"எங்க மில்லுல கறுப்பரிசிய பொறுக்கித் தள்ற மெஷின் ஒண்ணு போட்டுருக்கேன். அதுக்கும் கண்ணுதான். தவிட்டுத் தூசி லேசாப் படிஞ்சா போச்சி, கறுப்பும் வெள்ளையும் ஒண்ணு அதுக்கு. மணிக்கொரு தபா தொடைக்கணும். நீங்க தொடைக்கலியா?"

"அது பூசைச் சந்தனம்" என்றார் தாண்டவராயன். "நான் வெச்சது."

பாலகுமார் கைக்குட்டையை எடுத்தான். கரஸ்பாண்டன்டின் முகத்தைப் பார்த்தான். கைக்குட்டையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"செஞ்ச ஆளு நீங்க. நீங்களே சொல்லுங்க, தொடைக்கலாமா வேணாமா?" மணவாளன் விடவில்லை.

"மச்சான், விஞ்ஞானிங்க சட்டுனு வாயத் தொறக்க மாட்டாங்க" என்று தில்லைநாதன் மாமா இடையில் விழுந்தார்.

அப்போது இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த மகேஸ்வரி எழுந்து வந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். கைப்பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் துணியை எடுத்து பாலகுமாரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. கண்ணாடி தொடைக்கற துணி. கீறல் விழாது."

"நீங்க... கண்ணாடி போடுவீங்களா?"

"மைனஸ் நாலு. அன்னிக்கு எங்க பெரியம்மா கழட்டி வாங்கி வெச்சிக்கிச்சி. எதுவும் தெரியல. இந்தப் பெரிய மீசைக்காரர்தான் மாப்ளன்னு நெனச்சி ராத்திரி முழுக்க அழுதேன்."

தில்லைநாதன் மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஏ மகேசு!" என்றார் மணவாளன். அவர் பக்கத்துக் குட்டும் வெளிப்பட்டுவிட்டது.

பாலகுமாருக்கு ஏனோ மூச்சு லேசாக வந்தது. துணியை வாங்கி இளமதி கையில் கொடுத்தான்.

"இதச் செஞ்சது நான் இல்லீங்க. இந்தப் பொண்ணு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. பேரு மட்டுந்தான் நான் வெச்சேன்."

"இன்னா பேரு?"

"அதையும் சார் மாத்திட்டாருங்க."

இளமதி ஏற்கெனவே ஒரு கண்ணைத் துடைத்து முடித்திருந்தாள். தாண்டவராயன் கையைத் தூக்கி வாயைத் திறந்தார். மணவாளன் முந்திக்கொண்டார்.

"ஐயா, நீங்க பெரியவங்க. அடியில வெச்சா யாருக்குத் தெரியும்? போட்டோவுல விழாது. மேல, அந்தக் கை பக்கத்துல வைங்க."

தாண்டவராயன் வாயை மூடினார். யோசித்தார். அதில் நியாயம் இருந்தது. புதிதாகச் சந்தனம் குழைத்து, போட்டோகிராபரைக் கூப்பிட்டு, தெர்மோகோல் கைகளுக்கு நடுவில் வைத்தார். இரண்டு தடவை வைத்தார். முதல் தடவை பிளாஷ் அடிக்கவில்லை.

இரண்டாவது வாய்ப்பில் ராஜாமணி-1 வளைந்த இடத்தில் வளைந்தது. ஐம்பத்தொரு வினாடியில் போய்ச் சேர்ந்து மூன்றாம் இடம் பெற்றது. இதற்கிடையே கல்லூரி வாசலில் தாண்டவராயனின் ஆட்கள் 'முதலிடம் பெற்ற' ஃப்ளெக்ஸைக் கட்டி முடித்திருந்தார்கள். அது முந்தின நாளே அச்சாகிவிட்டது. 'ரோபோ விஞ்ஞானி பாலகுமார்' என்று அதிலும் இருந்ததால், அவனை வேலையை விட்டு அனுப்ப வழியில்லாமல் போயிற்று.

வாசலில் மணவாளன் இளமதியிடம், கறுப்பரிசி மெஷின் பத்து நாளாக நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளுவதைப் பற்றி விவரமாகப் பேசிக்கொண்டிருந்தார். தில்லைநாதன் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், நம்ம விஷயம்? முடிவு சொல்றேன்னீங்களே?"

மணவாளன் தலையைத் திருப்பாமல் மகளைக் கைகாட்டினார். "என்னைக் கேட்டா? அது இப்பத்தான் பாக்குது."

மகேஸ்வரி இளமதியிடமிருந்து துணியை வாங்கினாள். ஓரத்தில் சந்தனம் படாத இடமாகப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பாலகுமாரைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை, காலிலிருந்து தலை வரை ஒருமுறை பார்த்தாள். அவன் கறுப்பரிசி போல நின்றான்.

"வாத்தியார்தானே?" என்றாள் அப்பாவிடம். "பரவால்லப்பா. இருக்கட்டும்."