த/பெ ரோச்

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. சென்ற மாதம் எங்கள் ஊர் அலுவலகத்தில் கைபேசி எண்ணை மாற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். கணினிக்கு முன்னால் இருந்த பெண், "உங்க பேர்ல ரெண்டு பதிவு இருக்கு சார், ஒண்ண எடுத்துட்டேன்" என்றார். எந்த என்னை எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தவன் எண்பது வருடம் பின்னால் போய் விழுந்தேன்.

2

முதல் தொடக்கம்: "1943ஆம் ஆண்டு, கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த ஒரு"

வேண்டாம். கதையில் கடல் கொந்தளித்தால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: பொன்னுதுரை பஞ்சாயத்து போர்டு கிளார்க். தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு கரையூர். முத்துக்குளிப்பு நின்றுபோய், ஆண்கள் பலர் கப்பல் வேலைக்குப் போய்விட்டார்கள். [ஊர் என் கற்பனை. பெயர் வைத்தால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.] யுத்த காலம். கப்பலுக்குப் போனவர்களின் வீட்டு விலாசங்களைத் திரட்டி வைக்கும்படி மேலிருந்து உத்தரவு வந்தது. பொன்னுதுரை தெருத்தெருவாகப் போய் எழுதினார்.

அவரை முதலில் பக்கத்துக் கிறிஸ்தவ ஊரான நாசரேத்துக்காரராக்கியிருந்தேன். நாசரேத்துக்காரருக்குக் கரையோரத்துப் பெயர்கள் பழக்கமாயிருக்கும், கதை நடக்காது. அதனால் கடலுக்குத் தள்ளி, கோவில்பட்டிப் பக்கம் பிறக்க வைத்தேன். நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

3

அந்தக் கரையில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயர். தாத்தாவுக்கு இரண்டு மகன்கள் இருந்தால், இரண்டு வீட்டிலும் ஒரே பெயரில் ஒரு பேரன். அப்படித்தான் மாதா கோவில் தெருவில் இரண்டு மனுவேல் ரோச். ஒருவன் சங்கு குளித்தவன், சங்கு மனுவேல்; அவன் மனைவி அமலோற்பவம். மற்றவன் உப்பளத்தில் இருந்தவன், உப்பு மனுவேல். அவன் மனைவி பிலோமினா. இரண்டு பேரும் வேறு வேறு கப்பலில் போயிருந்தார்கள்.

ரோச் என்பது போர்த்துகீசியர் காலத்துக் குடும்பப் பெயர். பொன்னுதுரை அதைத் தகப்பன் பெயர் என்று எடுத்துக்கொண்டார். பட்டப்பெயரைச் சர்க்கார் புத்தகத்தில் எழுதுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார். அந்தத் தெருவில் கதவிலக்கமும் அப்போது கிடையாது.

மனுவேல், த/பெ ரோச், மாதா கோவில் தெரு.

மனுவேல், த/பெ ரோச், மாதா கோவில் தெரு.

பிறகு ஆபீசில் புத்தகத்தைச் சரிபார்த்தபோது, ஒரே ஆளை இரண்டு தடவை எழுதிவிட்டோம் என்று கீழ் வரியைச் சிவப்பு மையால் அடித்தார். அன்று அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும் மேசையை ஒழுங்கு செய்தால் அப்படித்தான்.

4

தந்தி போர்டுக்கு வந்தது. கப்பல் முழுகிவிட்டது, மனுவேல் ரோச் பிழைக்கவில்லை, வீட்டாருக்குத் தெரிவிக்கவும். யுத்தத்தை முன்னிட்டுக் கப்பலின் பெயர் சொல்லப்படவில்லை.

ஆள் அனுப்பாமல் பொன்னுதுரையே போனார். மேல் வரியை எந்த வீட்டில் எழுதினார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. அமலோற்பவம் கேட்டுவிட்டுச் சுவரோடு சரிந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து பிலோமினா ஓடி வந்தாள்.

"எந்த மனுவேலு ஐயா?"

"இந்த வீட்டு மனுவேல்தாம்மா."

போர்டே வீடு தேடி வந்து சொல்லும்போது அதற்கு மேல் யார் கேட்பார்கள்? பிலோமினாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அதற்காக வெட்கப்பட்டு, அமலோற்பவத்தைக் கட்டிக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதாள். அமலோற்பவம் கறுப்பு உடுத்தினாள். கோவிலில் பூசை நடந்தது.

5

சில வாரம் கழித்து பிலோமினா போர்டு ஆபீசுக்கு வந்தாள்.

"கப்பக்காரவுக வீட்டுக்கெல்லாம் மண்ணெண்ண குடுக்காவ. எங்க வீட்டுக்காரவுக பேரு புஸ்தகத்துல இல்லன்னு எனக்குத் தரமாட்டேங்காவ ஐயா."

"பேரச் சொல்லும்மா."

"மனுவேல் ரோச்."

பொன்னுதுரை பேனாவைக் கீழே வைத்தார். "அது அமலோற்பவம் வீட்டுக்காரர்லா?"

"அவுக சங்கு மனுவேலு. எங்க வீட்டுக்காரவுக உப்பு மனுவேலு. அண்ணந்தம்பி மக்க. ஊருக்கே தெரியும்."

"ரோச்சுங்கது தகப்பனார் பேருல்லா?"

"இல்ல ஐயா. அது எங்க எல்லாருக்கும் உள்ள பேரு."

அவர் பக்கத்தைப் புரட்டினார். சிவப்புக் கோட்டை அவளும் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் அடித்த வரி யாருக்கும் தெரியும்.

"அந்தத் தந்தித் தாக்கல்," என்று ஆரம்பித்தாள், "அது எந்த மனுவேலுக்கு"

6

இங்கே வெகுநாள் நின்றுவிட்டேன்.

முடிவு அ: 'எனக்கே தெரியலம்மா' என்று பொன்னுதுரை உண்மையைச் சொல்கிறார். இரண்டு பெண்களும் பாதி விதவையாகிறார்கள். எழுதிக் கிழித்தேன்.

முடிவு ஆ: 'அமலோற்பவம் வீட்டுக்குத்தான்' என்று பொய் சொல்கிறார். இதையும் எழுதினேன். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா எழுந்துவிட்டாள்.

"வேண்டாம் ஐயா. சொல்லாதீக. எங்க பேர எழுதி, மண்ணெண்ண மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

நான் இதைத் திட்டமிடவில்லை. எழுதும்போது அவள்மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு, அவள் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று பட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது. பொன்னுதுரை புதிய வரிசை எண் போட்டு எழுதினார். அவரும் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் பிலோமினா அமலோற்பவத்துக்குத் தலை வாரிவிட்டாள்.

"நீ இல்லன்னா நான் செத்திருப்பேன் ஏளா" என்றாள் அமலோற்பவம்.

7

யுத்தம் முடிந்தது. அதுவரை இரண்டு வீட்டுக்கும் ஒரு கடிதமும் வரவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒருவன் தகரப் பெட்டியோடு இறங்கினான். இப்போது மாதா கோவில் தெருவுக்குள் திரும்புகிறான். வெயில் அவனுக்குப் பின்னால் இருப்பதால் முகம் தெரியவில்லை. இரண்டு பெண்களும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

சங்கு மனுவேல் என்று எழுதினால், பிலோமினாவுக்கு இன்றுதான் புருஷன் சாகிறான். உப்பு மனுவேல் என்று எழுதினால், ஒரு நிமிஷம் ஆசைப்பட்டுவிட்ட அமலோற்பவத்துக்கு அவன் இரண்டாம் தடவை சாகிறான். நான் எழுத மாட்டேன். பெயரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், ஒரு சொல்தான். போட்ட பிறகு, அவன் எந்த வீட்டைத் தாண்டிப் போகிறானோ அந்த வாசலுக்குப் போங்கள். அவள் உங்களிடம் கேட்பாள்: "எந்த மனுவேலு?"