மர யேசுவின் பசி

கனடாவின் எட்மண்டனில் தமிழர்கள் ஞாயிறுதோறும் பூசை வைக்கும் கோயிலில், சிலுவையில் தொங்கும் மர யேசுவுக்கு அந்தத் தவக்காலத்தில் பசிக்கத் தொடங்கியது. நற்கருணையை உயர்த்தி மணி அடித்ததும் எல்லோரும் தலைகுனிந்திருக்க, ஒரு வயிறு நீளமாக இரைந்தது. கோயிலே திரும்பிச் சற்குணத்தைப் பார்த்தது. பக்கவாதத்தில் பேச்சிழந்து, சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருப்பவர். எச்சில் வடியும், இடைக்கிடை முனகுவார். வேறு ஆதாரம் யாருக்கும் தேவைப்படவில்லை.

நிர்வாகக் குழுத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை, சற்குணத்தின் மகள் பிரசாந்தினியை வாசலில் மறித்தார். "குறை நினையாதையும் பிள்ளை. அப்பாவுக்கு வீட்டில ஒன்லைன் பூசையைக் காட்டுமன்." பெற்றோல் செட்டில் இரவிரவாக வேலைக்கு நின்று அவளைப் பட்டதாரியாக்கிய மனிதருக்குக் கிழமையில் ஒருக்கால் முகம் மலர்வது அந்த முன்வரிசையில்தான். அதையும் பிடுங்குகிறார்கள் என்று அவளுக்குப் பற்றி எரிந்தது.

அடுத்த ஞாயிறு அவள் தனியே வந்தாள். அப்பா இல்லாத கோயிலிலும் அந்த வயிறு இன்னும் பலமாக இரைந்தது. ஹீட்டிங் பைப் என்றார்கள். திருத்த வந்தவன் பைப்பில் பிழையில்லை என்று போய்விட்டான். அதற்குள் மர யேசுவின் விலா எலும்புகள் துருத்திவிட்டன. குழு கூடியது. பசிப்பவர் கடவுளாக இருக்க முடியாது, புதுச் சிலை வாங்குவோம் என்றது ஒரு பக்கம். பசி அவருடைய மனிதப் பாதிக்குத்தான், ஆகவே அரைச் சாப்பாடு போதும் என்றது மறுபக்கம்.

"பாதி பாதி இல்லை, முழுக்கக் கடவுள், முழுக்க மனுசன் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள், அங்கிள்?" என்று நீக்கிலாப்பிள்ளையைக் கேட்டாள் பிரசாந்தினி.

"அது விசுவாசம், பிள்ளை. அதுக்காக வயிறு இரையிறதோ?"

"தாயிட்டப் பால் குடிச்சு வளந்தவர்தானே? இரையத்தான் செய்யும்."

குருத்தோலை ஞாயிறன்று அவள் அப்பாவை முன்வரிசைக்கே தள்ளிக்கொண்டு போனாள். நத்தார் பண்டிகைக்கு விளக்குக் கட்டும் ஏணியைச் சிலுவையில் சாத்தி, பிளாஸ்கைத் திறந்து, அப்பாவுக்கு ஒரு கரண்டி கஞ்சி, ஏறி யேசுவுக்கு ஒரு கரண்டி. மர உதடு திறந்தது. இரண்டாவது கரண்டியை ஊதிக் கொடுக்க வேண்டியிருந்தது, அவருக்குச் சூடு தாங்கவில்லை. இரைச்சல் அடங்கியதும் ஃபாதர் விட்ட இடத்திலிருந்து பூசையைத் தொடர்ந்தார்.

சற்குணத்துக்குப் பேச்சு திரும்பவில்லை. ஏன் என்று பிரசாந்தினி யேசுவிடம் முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் விழுங்கிவிட்டுப் பேசாமல் அவளையே பார்த்தார், அப்பாவைப் போல. ஒருவருக்கு ஊற்றிய கஞ்சி எப்போதும் இருவருக்கும் போதுமாயிருந்தது. கை தவறிக் கூடுதலாக ஊற்றியிருப்பேன் என்று அவள் விட்டுவிட்டாள். வருடங்கள் போயின. பூ வைக்க, கூட்ட, ஊட்ட என்று இப்போது முறை வைத்து ஆட்கள் வருகிறார்கள். நீக்கிலாப்பிள்ளையின் முறையில் பாற்கஞ்சி, சீனி கொஞ்சம் கூடுதலாக. சக்கர நாற்காலிக்கு இடம்விட முன்னால் ஆட்கள் இருக்கும் வாங்கு ஒன்றை எடுத்துவிட்டார்கள். பிரசாந்தினியின் முறையில் அவள் முதலில் அப்பாவின் வாயைத் துடைப்பாள், பிறகு ஏணியில் ஏறி மற்றவரின் வாயைத் துடைப்பாள். துணி ஒன்றுதான்.